கடைசி நிமிஷ கிஃப்ட்... கையில நூறு ரூபாய்!

செமஸ்டரோட கடைசி எக்ஸாம் முடியுது. ஹாலை விட்டு வெளியே வந்து மொபைலை ஆன் பண்ணினா கிளாஸ் குரூப்ல எழுபது மெசேஜ்! 'நாளைக்கு மத்தியானம் கிறிஸ்மா - கிறிஸ் சைல்டு. கிஃப்ட் இல்லாம வர்றவங்களுக்கு கேக் கிடையாது'ன்னு ரெப் மிரட்டியிருப்பார். சீட்டுல யார் பேர் வந்ததுன்னே பாதிப் பேருக்கு மறந்திருக்கும். பர்ஸைத் திறந்தா ஒரே ஒரு நூறு ரூபாய் நோட்டு, காந்தித் தாத்தா மட்டும் சிரிச்சிட்டிருப்பார்.

டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசமும் நமக்கு இப்படித்தான். கிறிஸ்துமஸ் கேக் தீர்றதுக்குள்ள நியூ இயர், நியூ இயர் வாழ்த்து சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொங்கல். நடுவுல எக்ஸாம், ரெக்கார்டு, வைவா. இதுக்கு நடுவுல யாருக்கு என்ன கிஃப்ட்னு யோசிக்க நேரம் ஏது? டெலிவரி ஆப் நிமிஷக் கணக்கில் கொண்டுவந்து கொடுக்கும்தான். ஆனா என்ன வரும்? சாக்லேட் டப்பா, 'பெஸ்ட் ஃப்ரெண்ட்'னு அச்சடிச்ச மக், வாசனை மெழுகுவர்த்தி. போன வருஷம் அந்த மக்கை வாங்கினவர் இன்னும் அதில் பேனாதான் போட்டு வெச்சிருக்கார்!

கவலைப்படாதீங்க மக்களே! நூறு ரூபாய்க்குள்ளயும் கொஞ்சம் மேலயும், சில ஐடியாக்களை பைசா செலவே இல்லாமலும் தேடித் தேடிச் சேர்த்திருக்கோம். கையில மிச்சமிருக்கிற நேரத்தைப் பொறுத்து நீங்களே பிரிச்சுக்கலாம்.

விலை ஏறினா சந்தோஷம் ஏறுமா?

ஷாப்பிங் கிளம்புறதுக்கு முன்னாடி குட்டியா ஒரு கிளாஸ். பயப்படாதீங்க, அட்டெண்டன்ஸ் கிடையாது!

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்திட்டிருந்த ஜோயல் வால்ட்ஃபோகல், தன்னோட மாணவர்கள்கிட்ட வில்லங்கமா ஒரு கேள்வி கேட்டார். 'கிறிஸ்துமஸுக்கு வந்த கிஃப்ட்டோட விலை என்ன? உங்களுக்கு அது எவ்வளவு பெறும்?' பதில்களைக் கூட்டிக் கழிச்சு 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். கொடுத்தவர் செலவு பண்ணின பணத்துல பத்து சதவிகிதத்தில் இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வாங்கினவர் கணக்குல காணாமலே போயிடுதாம். அதாவது, முந்நூறு ரூபாய் பொம்மை வாங்கினவருக்கு அது இருநூறோ, இருநூத்தி எழுபதோதான்!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சென்டிமென்ட் மதிப்பைச் சேர்க்காம சொல்லச் சொல்லித்தான் அவர் கேட்டார். அவர் கணக்குல விட்ட இடத்துலதான் நம்ம ஆட்டமே இருக்கு!

2009-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ் ரெண்டு பேரும் இன்னொரு ஆய்வை வெளியிட்டாங்க. விலை கூடக் கூட வாங்குறவர் ரொம்ப மகிழ்வார்னு கொடுக்கிறவங்க நினைக்கிறாங்க. வாங்கினவங்களைக் கேட்டா, விலைக்கும் சந்தோஷத்துக்கும் அப்படி ஒரு சம்பந்தமே தெரியலை. 2011-ல் இதே ஃப்ளின், பிரான்செஸ்கா ஜினோவோட சேர்ந்து எழுதினது இன்னும் சுவாரஸ்யம். நாமா யோசிச்சுக் கொடுக்கிற சர்ப்ரைஸைவிட, அவங்க வாயைத் திறந்து 'இது வேணும்'னு கேட்டதைக் கொடுத்தா கூடுதலா மகிழ்றாங்களாம்.

அப்போ சங்கதி ரொம்ப சிம்பிள். பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி காதைத் திறங்க. உங்க கிறிஸ் சைல்டு இந்த மாசம் பூரா என்ன புலம்பினாங்கன்னு ஞாபகப்படுத்துங்க. 'குடை கம்பி உடைஞ்சுடுச்சு', 'ரூம் சாவியைத் தேடியே பாதி ஆயுசு போகுது', 'எங்க ஊர் முறுக்கு சாப்பிட்டு ஆறு மாசம் ஆச்சு'... இதெல்லாம் புலம்பல் இல்லை பாஸ், ஷாப்பிங் லிஸ்ட்!

கையில ஒரு நாள் இருக்கா? அண்ணா சாலைக்கு வண்டியைக் கட்டுங்க!

சென்னைக்காரங்களுக்கு ஒரே ரோட்டுல எல்லாம் கிடைக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினா போதும், மிச்சத்தை நடந்தே முடிச்சிடலாம்.

முதல் ஸ்டாப், ரிச்சி தெரு. ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் போற இடம்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு ரூபாய்க்கு எல்.இ.டி., கடிகாரத்தில் போடுற பட்டன் மாதிரி சி.ஆர். 2032 பேட்டரி ஒண்ணு. இது போதும், 'ஒளிரும் வாழ்த்து அட்டை' ரெடி! சிவப்பு எல்.இ.டி. எரிய சுமார் ரெண்டு வோல்ட் வேணும். இந்த பேட்டரி தர்றது மூணு வோல்ட். பேட்டரிக்குள்ளேயே இருக்கிற தடை கரன்ட்டைக் கட்டுப்படுத்திடும், தனியா ரெஸிஸ்டர் தேவையில்லை. எல்.இ.டி.யோட நீளமான காலை பேட்டரியில் பிளஸ் குறி போட்ட பக்கமும், குட்டைக் காலை அடுத்த பக்கமும் வெச்சு டேப் ஒட்டினா எரியும். அட்டையில் ஒரு நட்சத்திரம் வரைஞ்சு, நடுவுல ஓட்டை போட்டு எல்.இ.டி.யைச் செருகுங்க. ஆர்ட்ஸ் காலேஜ் தோழிகளும் பத்து நிமிஷத்துல பண்ணிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. குட்டிப் பசங்க இருக்கிற வீட்டுக்கு இதைக் கொடுக்காதீங்க. பட்டன் பேட்டரியை முழுங்கினா உயிருக்கே ஆபத்து.

இ.சி.இ., ட்ரிபிள் இ மக்கள் ஒரு படி மேலே போகலாம். 555 டைமர் ஐ.சி. தெரியுமில்லையா? ஹான்ஸ் காமென்ஸிண்ட் 1971-ல் டிசைன் பண்ணி, 1972-ல் சிக்னெடிக்ஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் லேப்ல நம்ம உயிரை எடுக்கிற அதே எட்டுக் கால் பூச்சிதான்! மூணு ரெஸிஸ்டர் (அதுல ஒண்ணு எல்.இ.டி.யோட தொடரா), ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி சேர்த்தா எல்.இ.டி. கண் சிமிட்ட ஆரம்பிச்சுடும். கூட ஒரு அட்டையில 'உள்ளே ஆள் தூங்குது, எழுப்பினால் அபராதம்'னு எழுதி ரூம் மேட் கட்டிலுக்கு மேலே மாட்டிவிடுங்க. லேப்ல மார்க் வராத சர்க்யூட்டுக்கு ஹாஸ்டல்ல கைதட்டல் நிச்சயம்!

ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் லீவு. அதைப் பார்த்துக் கிளம்புங்க. விலை மலிவா இருக்குன்னு பேர் தெரியாத பவர் பேங்க் மட்டும் வாங்காதீங்க. பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. கிஃப்ட் வெடிக்கக் கூடாது, சிரிப்புதான் வெடிக்கணும்.

ரெண்டாவது ஸ்டாப், அதே அண்ணா சாலையில் இருக்கிற பூம்புகார். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தோட கடை. உள்ளே ஆயிரக்கணக்கில் விலை போட்ட பஞ்சலோகச் சிலைகளைப் பார்த்து மிரண்டு திரும்பிடாதீங்க. ஓரமா தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகள் உட்கார்ந்திருக்கும். குட்டி சைஸ் நம்ம பட்ஜெட்டுக்குப் பக்கத்துல வரும்.

இந்த பொம்மையில் ஒரு மெக்கானிக்ஸ் பாடமே ஒளிஞ்சிருக்கு. அடிப்பாகம் உருண்டையா, கனமா இருக்கும். மேல் பாகம் லேசு. அதனால புவியீர்ப்பு மையம் ரொம்பக் கீழே, அந்த உருண்டையோட வளைவு மையத்துக்கும் கீழே விழுது. எந்தப் பக்கம் சாய்ச்சாலும் அந்தக் கனமே இழுத்து நிமிர்த்திடும். ராஜா ராணி எத்தனை தடவை விழுந்தாலும் மறுபடி எழுந்து ஆடுவாங்க.

யாருக்குக் கொடுக்கலாம்? மேத்ஸ் அரியரை நாலாவது தடவையா எழுதிட்டு வந்திருக்கிற நண்பனுக்கு! 'நீயும் இதே ஜாதகம்தான் மச்சி'ன்னு ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்க. அட்வைஸ் பண்ணினா அடிக்க வருவான். பொம்மை கொடுத்தா டேபிள் மேல வெச்சுக்குவான்.

மூணாவது ஸ்டாப், திருவல்லிக்கேணி. பாரதி சாலை பிளாட்பாரத்துல ஞாயிற்றுக்கிழமை ஆனா பழைய புத்தகங்கள் பரப்பி வெச்சிருப்பாங்க. ஒருமுறை நடந்து பாருங்க. பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தைய சினிமாப் பத்திரிகை, அட்டை கிழிஞ்ச காமிக்ஸ், யாரோ யாருக்கோ 'அன்புடன்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாவல்... ஒவ்வொண்ணும் ஒரு கதை. உங்க ஃப்ரெண்ட் பிறந்த மாசத்துல வந்த வார இதழ் கிடைச்சா விடாதீங்க. அந்த வாரம் எந்தப் படம் ஓடுச்சு, பெட்ரோல் என்ன விலை, எந்த ஹேர் ஸ்டைல் விளம்பரத்துல வந்ததுன்னு ஒரு சாயங்காலம் பூரா சிரிக்கலாம். புதுப் புத்தகம்தான் வேணும்னா சென்னைப் புத்தகக் காட்சி இருக்கவே இருக்கு. 1977-ல் தொடங்கினது. டிசம்பர் கடைசியிலோ, ஜனவரியிலோ கூடுது. பத்து சதவிகிதத் தள்ளுபடி உண்டு. மிச்சம் பிடிச்ச காசுல ஒரு மிளகாய் பஜ்ஜி!

வெளியூர் மக்கள் முறைக்காதீங்க. மதுரைக்கு விளக்குத்தூண், கோவைக்கு டவுன்ஹால், திருச்சிக்கு என்.எஸ்.பி. ரோடுன்னு உங்க ஊர்லயும் அண்ணா சாலைக்குச் சளைக்காத தெருக்கள் இருக்கு. அங்கே சில்லறை வாங்குறதுக்குப் பதிலா, நாலு பேர் சேர்ந்து மொத்தமா வாங்கிப் பிரிச்சுக்கிட்டா பட்ஜெட் இன்னும் இளைக்கும்.

கையில அரை நாள்தானா? பஸ் ஸ்டாண்டு பக்கம் போதும்!

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு எந்த கிஃப்ட்டும் ஊர் வாசனைக்கு ஈடாகாது. உங்க கிறிஸ் சைல்டு எந்த ஊருன்னு பாருங்க. கோவில்பட்டிப் பையனா? கடலை மிட்டாய்! வேர்க்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த ஜோடிக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பொண்ணா? 2019-ல் குறியீடு வாங்கின பால்கோவா. மணப்பாறையா? 2023-ல் முறுக்கும் லிஸ்ட்ல சேர்ந்தாச்சு. சென்னையில் இருக்கிற பெரிய பலகாரக் கடைகளில் இதெல்லாம் கிடைக்குது. இல்லைன்னா அந்தப் பக்கம் இருந்து வர்ற கிளாஸ்மேட் யாரையாவது பிடிச்சு ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லுங்க. பால்கோவா மட்டும் ரொம்ப நாள் தாங்காது. வாங்கின கையோட கொடுத்துடணும். ரூம்ல ஒளிச்சு வெச்சா, எறும்புதான் உங்க கிறிஸ் சைல்டு!

அடுத்தது, யாருமே எதிர்பார்க்காத கிஃப்ட். துண்டு! சிரிக்காதீங்க. 1935-ல் தொடங்கின கோ-ஆப்டெக்ஸ் கடைக்குள்ள நம்ம வயசுல யாரும் தனியா நுழைஞ்சிருக்க மாட்டோம். அம்மா புடவை எடுக்கும்போது வெளியே நின்னு மொபைல் பார்த்ததுதான் அனுபவம். இந்தத் தடவை உள்ளே போய் ஒரு கைத்தறித் துண்டு, இல்லைன்னா கைக்குட்டை கேளுங்க. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு உங்களுக்கும் சேர்த்து சீட் பிடிக்கிற நண்பனுக்கு இதைவிட மரியாதை வேற என்ன இருக்கு? 'நிரந்தர சீட் ரிசர்வேஷன்'னு ஒரு அட்டை குத்திக் கொடுத்தா கிளாஸே கைதட்டும்.

சாவியைத் தொலைக்கிற ஆளா? சைக்கிள் கடையில் குட்டி மணி ஒண்ணு வாங்கி சாவிக்கொத்துல கோர்த்துக் கொடுங்க. மாட்டுக்கு மணி கட்டுற மாதிரிதான். பொங்கலுக்கும் பொருத்தம்!

கையில ஒரு மணி நேரம்தானா? பர்ஸே வேணாம்!

இதுதான் உண்மையான கடைசி நிமிஷம். கடை மூடியாச்சு, காசும் இல்லை. கையில் பேப்பரும் பேனாவும் இருக்கில்ல? அது போதும்.

* கூப்பன் புக்: ஒரு ஏ4 பேப்பரை எட்டா மடிச்சுக் கிழிச்சு, ஸ்டேப்ளர் அடிங்க. ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு வாக்குறுதி. 'ரெக்கார்டு நோட்டில் ஐந்து டயகிராம் வரைந்து தரப்படும்', 'ஒரு ஞாயிறு முழுக்க உன் பக்கெட் துணி என் பொறுப்பு', 'அரியர் பேப்பருக்கு ஒரு ராத்திரி ட்யூஷன், டீ இலவசம்', 'ஒரு சண்டையில் நானே முதலில் ஸாரி சொல்வேன்'. கடைசிக் கூப்பனுக்கு டிமாண்ட் ஜாஸ்தி, ஒண்ணுக்கு மேல அச்சடிக்காதீங்க! எக்ஸ்பைரி டேட் போட மறந்தீங்கன்னா கன்வகேஷன் அன்னிக்குக் கூட வந்து நீட்டுவாங்க.

* சீனியர் சீதனம்: முதல் வருஷத்துல வாங்கின மினி டிராஃப்டர், லேப் கோட், இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் ஷீட் போடுற குழாய் எல்லாம் பரண்ல தூங்குதா? தட்டி எழுப்பித் துடைச்சு ஜூனியருக்குக் கொடுங்க. டிராஃப்டருக்குப் பின்னால இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவங்க பேரை எல்லாம் வரிசையா எழுதி, கடைசியில் அவர் பேரையும் எழுதுங்க. கடையில் வாங்கின புது டிராஃப்டருக்கு அந்த வம்சாவளி கிடையாது.

* பாட்டில் செடி: மணி பிளான்ட் கொடியில் ஒரு கணுவோட சேர்த்து நறுக்கி, தண்ணி ஊத்தின கண்ணாடி பாட்டிலில் போட்டு வைங்க. கொஞ்ச நாள்ல வேர் விட்டுடும். மண் வேணாம், வெயில் கொஞ்சம் போதும். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்தணும். ஹாஸ்டல் ஜன்னலுக்குன்னே பிறந்த செடி.

* கைப்பட வாழ்த்து: கிறிஸ்துமஸ் கார்டே ஒரு கடைசி நிமிஷ ஐடியாதான் தெரியுமா? 1843-ல் லண்டனில் ஹென்றி கோல்னு ஒருத்தர். வந்து குவிஞ்ச கடிதங்களுக்குப் பதில் எழுத அவருக்கு நேரமே இல்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லிங்கிற ஓவிய நண்பரைப் படம் வரையச் சொல்லி மொத்தமா அச்சடிச்சுட்டார். கார்டு ஒண்ணு ஒரு ஷில்லிங்னு விற்பனைக்கும் வந்தது. விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டு அதுதான்! நம்ம ஊர்ல பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் பானையும் சினிமா ஸ்டாரும் போட்ட வாழ்த்து அட்டைகளைத் தாம்புக் கயித்துல தொங்கவிட்டு வித்த காலத்தை அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. இப்போ ஃபார்வேர்டு மெசேஜ்தான். அதனாலேயே போஸ்ட் கார்டுக்கு மவுசு கூடிடுச்சு. ஒரு டீ விலையில் பத்துப் பேருக்குக் கார்டு போடலாம். நாலு வரி போதும், ஆனா அந்த நாலு வரி அவங்களுக்கு மட்டுமே பொருந்தணும்.

வீட்டுக்குப் போகும்போது...

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறோம். தம்பிக்கு சாக்லேட் வாங்குவோம். அப்பா அம்மாவுக்கு? 'எனக்கெதுக்குப்பா, நீ வந்ததே போதும்'னு சொல்லி அவங்க தப்பிச்சுடுவாங்க.

உங்க மொபைல் கேலரியைத் திறந்து பாருங்க. ஆயிரம் போட்டோ இருக்கும். அதுல அம்மா தனியா சிரிச்சுட்டு நிக்கிற போட்டோ எத்தனை? எல்லா ஃபேமிலி போட்டோவிலயும் அம்மா ஒண்ணு சமையல்கட்டுல இருப்பாங்க, இல்லைன்னா போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க. இருக்கிறதுலயே நல்ல ஒண்ணைத் தேடிப் பிடிச்சு ஸ்டுடியோவில் பிரின்ட் போடுங்க. பத்து, இருபது ரூபாய் விஷயம். பின்னால தேதி எழுதிக் கொடுங்க. மொபைல் தொலையும், போட்டோ அலமாரியில் இருக்கும்.

கொஞ்சம் கெத்தா பண்ணணுமா? தபால் துறையோட 'மை ஸ்டாம்ப்' இருக்கு. போட்டோவும் அடையாள அட்டையும் கொடுத்தா, அந்த முகம் அச்சான பன்னிரண்டு தபால்தலைகள் கொண்ட ஷீட் கிடைக்கும். கட்டணம் முந்நூறு ரூபாய். அக்கா, தம்பி எல்லாம் சேர்ந்து பங்கு போட்டுக்கலாம். சென்னையில் அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தின் தபால்தலைப் பிரிவில் விசாரிங்க. வாழ்க்கை பூரா வரிசையில் நின்னு ஸ்டாம்ப் வாங்கின அப்பா, தன் முகம் போட்ட ஸ்டாம்ப்பை ஒட்டி லெட்டர் போடுற சீனைக் கற்பனை பண்ணிப் பாருங்க!

லிஸ்ட்ல இல்லாத பேர்கள்

சீட்டுக் குலுக்கலில் வராத சில பேர் இருக்காங்க. ராத்திரி பதினோரு மணிக்கு கேட் ஏறிக் குதிக்கப் போன நம்மளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்ட வாட்ச்மேன் தாத்தா. 'இன்னும் ரெண்டு சப்பாத்தி வெச்சுக்கோ தம்பி'ன்னு கேக்கிற மெஸ் அண்ணன். நாம பண்டிகைக்கு ஊருக்கு ஓடின பிறகும் காரிடாரைக் கூட்டிட்டு இருக்கிற அக்கா.

ஒரு விங்ல இருபது பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டா இருநூறு ஆச்சு. மார்கழிப் பனியில் ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கு ஒரு குரங்கு குல்லா, மெஸ் அண்ணனுக்கு ஒரு நல்ல டீ ஃபிளாஸ்க்குக்கு முன்பணம், அக்காவுக்கு... அவங்களையே கேளுங்க! முதல்ல சொன்ன ஆராய்ச்சி ஞாபகம் இருக்கில்ல? கேட்டதைக் கொடுக்கிறதுதான் டாப். அவங்க 'பொண்ணுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கணும்'னு சொல்லலாம். உங்ககிட்ட ரெண்டு இருக்கலாம்.

சீட்டுக் குலுக்கலில் ஒரு கணக்கு

நடுவுல ஒரு டெக்னிக்கல் சமாச்சாரம். இருபது பேர் பேரை எழுதிப் போட்டுக் குலுக்கி ஆளுக்கொண்ணு எடுத்தா, யாராவது ஒருத்தருக்காவது தன் பேரே வந்து தொலைக்கிற வாய்ப்பு எவ்வளவு? சும்மா அஞ்சு, பத்து சதவிகிதம்னு நினைப்போம். இல்லை. சுமார் 63 சதவிகிதம்! ஆளுங்க எண்ணிக்கை இருபது இல்லாம நூறு ஆனாலும் அதே 63தான். அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் மூணு தடவை திரும்பக் குலுக்க வேண்டியிருக்கு.

சுலப வழி இருக்கு. எல்லாச் சீட்டையும் கலைச்சு மேஜையில் ஒரு வட்டமா அடுக்குங்க. ஒவ்வொருத்தரும் வட்டத்துல தனக்கு அடுத்த பேருக்கு கிஃப்ட் கொடுக்கணும். யாருக்கும் தன் பேரே வராது. வட்டத்தைப் பார்த்து ஆளாளுக்குச் சொல்லிவிட ஆட்டத்துல சேராத ஒருத்தரைப் பிடிங்க. ரகசியமும் காப்பாத்தப்படும்.

பேக்கிங்... மஞ்சப்பையில!

பளபள பேப்பருக்கும் ரிப்பனுக்கும் கிஃப்ட்டைவிட அதிகமா செலவு பண்றது ஒரு வியாதி. கிழிச்சுப் போட அஞ்சு செகண்ட் ஆகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியுற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி ஒண்ணுல இருந்தே தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. பத்து ரூபாய் போட்டா பை தர்ற மெஷினைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பையிலயே போட்டு, வாயில் சணல் கயிறு கட்டி, ஒரு மாவிலை செருகிக் கொடுங்க. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை வீட்டுல குவிஞ்சு கிடந்தா இன்னும் லாபம். பை மேல யாரோ ஒரு மணமக்கள் பேர் இருக்கும். 'இவங்க யாருடா?'ன்னு கேட்டே கிளாஸ் அரை மணி நேரம் சிரிக்கும்.

உயிரோட இருக்கிற எதையும் மட்டும் பையில் போடாதீங்க. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை எல்லாம் 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குறதும் குற்றம், வளர்க்கிறதும் குற்றம்.

அந்த ரெண்டு பேர்

கடைசியா ஒரு சீரியஸ் மேட்டர். சீட்டு எடுக்கிற அன்னிக்கு மட்டும் காணாமப் போற ரெண்டு பேர் எல்லா கிளாஸ்லயும் இருப்பாங்க. கேட்டா 'ஊருக்குப் போறேன்', 'எனக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது'ம்பாங்க. நாமளும் 'சரியான சிடுமூஞ்சி'ன்னு நினைச்சுட்டு அடுத்த சீட்டை மடிப்போம்.

பிடிக்காம இல்லை மக்களே. வீட்டுல இருந்து வர்ற பணத்தை மெஸ் பில், எக்ஸாம் ஃபீஸ், பஸ் பாஸ்னு பிரிச்சா மிச்சம் ஒண்ணும் இருக்காது. போன வருஷம் யாரோ ஐந்நூறு ரூபாய் ஹெட்போன் கொடுத்ததை அவங்க பார்த்திருப்பாங்க. தன் பேனாவையும் டைரியையும் அதுக்குப் பக்கத்துல வைக்கிறதைவிட வராமலே இருந்துடலாம்னு தோணும். கிஃப்ட் வாங்குறவங்களுக்கு விலை பெருசா தெரியறதில்லைதான். ஆனா கொடுக்கிறவங்களுக்கு அது ரொம்பவே தெரியுது, வலிக்கவும் செய்யுது.

ரெப்புகள் கவனிக்க! இந்த வருஷம் சீட்டு மடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ரூல் போடுங்க. ஒண்ணு, நூறு ரூபாய்க்கு மேல யாரும் செலவு பண்ணக் கூடாது. பணம் இருக்கிறவங்களுக்கும் இதே லிமிட்தான். ரெண்டு, குறைஞ்சபட்சம்னு எதுவும் கிடையாது. கூப்பன் புக்கும் கிஃப்ட், பாட்டில் செடியும் கிஃப்ட். 'வசதி இல்லாதவங்க மட்டும் கையால செஞ்சு கொடுக்கலாம்'னு தனி ரூல் போட்டுடாதீங்க, அது கொடுமை. நல்ல பாக்கெட் மணி வர்றவங்கதான் முதல்ல கையால செஞ்சு கொண்டுவரணும். அப்போதான் மத்தவங்களுக்கும் அது சாதாரணமா தெரியும்.

ரூல் போட்ட கையோட காணாமப் போற அந்த ரெண்டு பேரையும் தேடிப் பிடிச்சு, 'உன் பேரையும் வட்டத்துல சேர்த்தாச்சு'ன்னு சொல்லிடுங்க. காரணம் கேக்காதீங்க, விளக்கமும் சொல்லாதீங்க. சீட்டை மட்டும் கையில கொடுங்க.